வாய்க்காலைத் தாண்டாத நாய்

கிள்ளானில் மின்கம்பிகளுக்குக் கீழே கீரை போடும் மாலதி அக்காவிடம், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்காரர்கள் வாராவாரம் வாங்குகிறோம். விவசாயியை ஆதரிக்கிறோமாம். இன்று போய் எடுத்துவர என் முறை.

எல்லா இலையிலும் ஓட்டை.

"பூச்சி தின்னாததா கொடுங்கக்கா" என்றேன்.

"நான் மருந்து அடிக்கிறதில்லலா. ஓட்டை இல்லாதது வேணும்னா அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

வாய்க்காலுக்கு அப்பால் வேறொருவர் தோட்டம். கீரை பளபளவென்று நின்றது. பலகைப் பாலத்தில் நடந்து போனேன்.

ஏதோ மாறிவிட்டது. என்னவென்று அப்புறம்தான் உறைத்தது: சத்தமே இல்லை. சில்வண்டு இல்லை, குருவி இல்லை, காலைக் கடிக்க ஒரு கொசுகூட இல்லை.

திரும்பினேன். அதுவரை என் காலையே சுற்றிய அக்காவின் நாய் பாலத்தின் அந்த முனையிலேயே நின்றது.

"ஏன்க்கா இது வரல?"

"எங்க கூப்பிட்டாலும் வரும். அங்க மட்டும் வராது. அந்தக் கீரை உங்க ஏரியா கடைக்குத்தான் போகுது."

ஓட்டைக் கீரையோடு வீடு வந்தேன்.

போன வாரம் ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள கடையில் வாங்கி, அடுப்படியில் மறந்துவிட்ட கீரைக் கட்டு இன்னும் பச்சையாகவே கிடக்கிறது. சீனி டப்பாவுக்குப் போகும் எறும்பு வரிசை அதை மட்டும் சுற்றி வளைந்து போகிறது.

உங்கள் வீட்டு எறும்புகள் எப்படி? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.