முதல் பஸ்ஸில் போன சோறு

மார்கழிப் பனியில் ஏரிக்கரை மேல் பஸ் வருவது கண்ணுக்குத் தெரியாது. முதலில் சத்தம் வரும். அப்புறம் மஞ்சளாக இரண்டு வெளிச்சம். அதற்கும் அப்புறம்தான், கனவுக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி, மெதுவாக பஸ் வரும். நான் சுடச்சுடச் சாப்பாட்டுக் கேரியரை முந்தானையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சூட்டை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருக்கிறது.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற முதல் பஸ் அது. என் கொழுந்தன் காஞ்சிபுரத்தில் தங்கி பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். ஓட்டல் சோறு தன் பிள்ளைக்கு ஆகாது என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் விடிவதற்குள் சமைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். கண்டக்டர் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் அவனிடம் கொடுப்பார். காலிக் கேரியர் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வரும். பிள்ளையைப் படிக்க அனுப்பிய வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். அந்த பஸ்ஸில் ஏறினால் நாலைந்து வீட்டுக் குழம்பு வாசனை சேர்ந்து அடிக்கும்.

எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள் மகராசர்கள். காலேஜ் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டேன்: பெரிய பெரிய தூண்கள், நடுவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், அவர்கள் நடுவில் நான் வடித்த சோறு ஆவி பறக்கிறது. பஸ் போன பிறகும் வெகு நேரம் அங்கேயே நின்றிருப்பேன். சோறாவது காலேஜுக்குப் போகிறதே என்று ஒரு சந்தோஷம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒன்றைக் கவனித்தேன். திரும்பி வரும் கேரியர் பளபளவென்று வந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுக்கின் விளிம்பு வரை கழுவி. என் கொழுந்தனோ குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத துரை. சனிக்கிழமை ஊருக்கு வந்தவனை மாட்டுக் கொட்டகைப் பக்கம் மடக்கினேன்.

"யாருய்யா அந்தப் பொண்ணு?"

"அய்யோ அண்ணி, பொண்ணும் இல்ல ஒன்னியும் இல்ல. கூடப் படிக்கிறவன். ஒங்க சோத்துல பாதி அவன்தான் துன்றான். சும்மா துன்ன மாட்டானாம். கேரியரக் கழுவ வுட்டாத்தான் ஒக்காருவேன்னு அடம்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். நம் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வருகிற ஒரு கூலிக்காரம்மாவின் மகன்தான் அவன். அப்பா இல்லை. மாதா கோயில் வராந்தாவில் படுக்கை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனால் இவன் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் புத்தகத்தோடு மரத்தடிக்குப் போய்விடுவான். ஒரு நாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். செங்கல் சூளை வேலைக்குப் போய்விடுகிறேன் என்று மூட்டைகூடக் கட்டிவிட்டானாம்.

"பரீட்ச முடியறவரைக்கும் அவன் ஓடாம இருக்கணும் அண்ணி. எங்க கிளாஸ்லயே அவன்தான் நல்லாப் படிக்கிறவன். பசியில போய்ட்டான்னா பாவம்."

நான் கட்டிய காலேஜில் பசி இருந்ததே இல்லை. அன்றைக்கே என் அம்மா வீட்டுச் சீராக வந்த நாலு அடுக்குக் கேரியரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஆனால் அரிசிப் பானை மாமியார் கையில். ஆழாக்கு ஆழாக்காக அளந்து போடுகிறவர். கூலிக்காரர்கள் தொட்ட பாத்திரம் அந்த வீட்டு வாசற்படி தாண்டாது. அவருக்குத் தெரிந்தால் கேரியரும் போகும், அந்தப் பிள்ளையின் படிப்பும் போகும். நான் என்ன செய்தேன், "படிக்கிற புள்ளைக்குப் பசி ஜாஸ்தி அத்த" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அவரும் பூரித்துப்போய் இன்னும் ரெண்டு ஆழாக்கு போட்டார். இப்படி ஒரு மாதம் ஓடியது. பிறகு சனிக்கிழமை வந்த மகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? இம்மாஞ்சோறு துன்றே, ஒடம்புல ஒட்டவே மாட்டேங்குதே? வவுத்துல பூச்சி கீது."

அவ்வளவுதான். விளக்கெண்ணெய்க் கிண்ணம் வந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று குடித்தான். குடிக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அதோடு முடிந்ததா? மறு வாரமும் எண்ணெய். அதற்கு மறு வாரமும். ஞாயிறு முழுக்கக் கொல்லைக்கும் வாசலுக்கும் அலைவான். வாய் திறந்து உண்மையைச் சொல்லவே இல்லை. அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்காகவே என் மாமியாரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

தை பிறந்தது. பொங்கல் லீவில் அறுப்பு. கதிரின் மேல் பனி தொங்க, வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதி உடம்பாகத் தெரிந்தார்கள். அவர்களில் ஒருவனாக அந்தப் பையனும் இருந்தான், அம்மாவுக்குப் பக்கத்தில். நான் அவனைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒல்லியாக, காது மட்டும் பெரிதாக. மத்தியானம் நானும் மாமியாரும் கூழும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துப்போனோம். வரிசையாக உட்கார்ந்தவர்களுக்குத் தள்ளி நின்று ஊற்றிக்கொண்டு வந்தேன். அவன் குழம்பைத் தொட்டு வாயில் வைத்தான். களைப்போ என்னவோ, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டான்.

"இன்னா அண்ணி, இன்னிக்குப் புளி தூக்கலா கீது? நீங்க எப்பவும் இப்பிடி வெக்க மாட்டீங்களே."

வயல் கப்பென்று அடங்கிவிட்டது. ஆண்டை வீட்டு மருமகளை அண்ணி என்று யார் கூப்பிடுவது? அவன் அம்மா ஓடி வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "தெரியாம சொல்ட்டாம்மா, தெரியாம சொல்ட்டான்" என்று அழுதாள். மாமியார் என்னைப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. வரப்பேறி நடந்துவிட்டார்.

நான் வீடு வந்தபோது கேரியர் மாட்டுக் கொட்டகை மூலையில் மாட்டியிருந்தது. லீவு முடிகிற வரை என்னோடு பேச்சே இல்லை. அந்தப் பையன் இனிமேல் காலேஜுக்குப் போகமாட்டானாம், சூளைக்குப் போகிறானாம் என்று சேதி வந்தது. பரீட்சை பங்குனியில். ராத்திரியெல்லாம் எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக இருந்தது. புளியை ஒரு சுளை குறைத்துப் போட்டிருக்கக் கூடாதா என்று என் கையையே திட்டிக்கொண்டேன்.

காலேஜ் திறக்கும் நாள் விடியலில் உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாமியார் அரிசி அளக்க வந்தார். பழைய அளவைப் போட்டார். நிறுத்தினார். அப்புறம் அந்த ரெண்டு ஆழாக்கையும் போட்டார்.

"அந்தக் கேரியரு வூட்டுக்குள்ள வரக்கூடாது. நீ கொட்டாயில போயி ரொப்பு."

"அந்தப் பையன் போவலியாமே அத்த?"

முக்காடு போட்டுக்கொண்டு பனியில் இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். குடிசைகள் இருந்த பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. அன்றைக்கும் வைக்கவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்று குரல் கொடுத்தார்.

"எம்மே! ஒம்புள்ள இன்னிக்கு பஸ்ஸு ஏறலன்னா நாளைலேந்து நீ என் கயனில கால் வெக்காத. சொல்ட்டேன்."

அது மிரட்டலா, கருணையா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவன் பஸ் ஏறினான்.

பரீட்சையில் தேறினான். சேதி சொல்ல வந்தவன் தெருவில் நின்றான். மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னா வோணும், கேளு" என்றார், வேட்டியோ சட்டையோ கேட்பான் என்று நினைத்து.

"ஒரு வேள உள்ள ஒக்காந்து துன்னணும்மா."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"வான்னு என் வாயால சொல்ல வராது" என்றார். "நான் கயனிக்குப் போறேன்."

போய்விட்டார். நான் கூடத்தில் இரண்டு இலை போட்டேன். நண்பர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பையனுக்கு முதலில் சோறு இறங்கவில்லை, கண்ணீர்தான் இறங்கியது. கேட்காமலே நான் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. முடித்ததும் சட்டென்று தன் இலையை மடித்து எடுக்கப் போனான்.

"வைடா கீழே!" என்று அதட்டினேன்.

அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். நான் குனிந்து அந்த இலையை எடுத்தேன்.