ஏரிக்கரையில் இறங்கித் தள்ளியவர்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய எண்ணும் கருவி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் எண் கூடும். பக்கத்திலுள்ள திருகைச் சுழற்றினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். எதையும் பட்டியல் போட்டு, முடிந்ததை அடித்துவிட்டு, அடுத்ததற்குப் போகிற பழக்கம் எனக்கு. இதில் மட்டும் ஓராண்டுக்கும் மேலாக அறுபத்து மூன்று என்ற எண்ணை அப்படியே வைத்திருந்தேன்.

கடைசியாக அதை அழுத்தியவர் எங்கள் பேரூராட்சியில் அப்போது பணி ஆய்வாளராக இருந்தவர். வெளிறிய நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா, யார் என்ன கேட்டாலும் ஒரு நொடி தாமதித்து வரும் பதில். நான் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், சைக்கிள் பாதைக்கு நிதி கேட்டு மாவட்டத்துக்கு முன்மொழிவு அனுப்பும் வேலை வந்தது. பேருந்து நிலையச் சாலை, சந்தைத் தெரு, ஏரிக்கரைச் சாலை என மூன்று இடங்கள்; இரண்டுக்குத்தான் நிதி கிடைக்கும். சைக்கிள்கள் அதிகம் போகும் இடத்துக்கு முன்னுரிமை. கணக்கெடுப்புப் படிவத்தை நான்தான் தயாரித்தேன். ‘சைக்கிள் ஓட்டுபவர்’, ‘நடப்பவர்’, ‘இருசக்கர வாகனம்’, ‘லாரி’ என்று கோடு போட்ட அந்தத் தாளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஏரிக்கரை அவர் பொறுப்பு. புளியமரத்தடியில் நாற்காலி போட்டு, கைக்கொரு கருவியோடு மூன்று காலை உட்கார்ந்திருந்தார். எதிர் டீக்கடைக்காரர் சும்மா விடவில்லை.

“என்னங்க சார், ஆடு எண்றீங்களா, மாடு எண்றீங்களா?”

“ரெண்டும் இல்லீங்க. உங்க பலகாரத் தட்டுல ஈ எண்றேன்.”

இதை அவர் சிரிக்காமல் சொன்னதாக டீக்கடைக்காரரே பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று நாள் முடிவில் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. ஏரிக்கரையைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளி, அறிக்கையைத் தட்டச்சு செய்தும் விட்டேன். சரிபார்க்கும்போது ‘நடப்பவர்’ கட்டத்தில் இருந்த பெரிய எண் உறுத்தியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். வீடே இல்லாத அந்தக் கரையில் இத்தனை பேர் ஏன் நடக்க வேண்டும்? அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நடந்துதாங்க போறாங்க மேடம். சைக்கிளைப் புடிச்சிக்கிட்டு.”

“அதை ஏண்ணா நடக்கறவங்கள்ல போட்டீங்க?”

“ஓட்டலைங்களே. ஃபாரத்துல இருக்கிறதைத்தானுங்களே போட முடியும்.” வழக்கமான அந்த ஒரு நொடியை விடக் கொஞ்சம் அதிகமாகத் தாமதித்தார். “எம் பொண்ணையும் அதுலதாங்க போட்டேன். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போறான்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்.”

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் அது. பெல் மேல் பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரிக்கவில்லை என்றார். தப்பு அவருடையதல்ல, நான் போட்ட கோடுகளுடையது. எந்த இடம் மிகவும் ஆபத்தானதோ அந்த இடத்தில்தான் யாரும் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள் என்பது என் படிவத்துக்குத் தெரியவில்லை.

ஏரிக்கரையை மேலே ஏற்ற வேண்டும் என்று போய்ச் சொன்னபோது, பேரூராட்சிச் செயல் அலுவலர் பொறுமையாகத்தான் கேட்டார். “தள்ளிக்கிட்டுப் போறவங்களுக்கு எதுக்கும்மா சைக்கிள் பாதை?” நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாள் மதியம் வரை அவகாசம் கொடுத்தார்.

மறுநாள் காலை நானும் போனேன். ஏரி மேல் பனி கலையாமல் கிடந்தது. வத்தல்மலை இருந்த இடத்தில் ஒரு வெளிர் நீலக் கறை மட்டும். பனிக்குள்ளிருந்து முதலில் பேச்சுச் சத்தம் வந்தது, பிறகு வெள்ளை ரிப்பன்கள், பிறகு சைக்கிள்கள். சிறுபாலம் வரை ஓட்டி வந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு அங்கே இருப்பதுபோல, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தள்ளும்போது சக்கரங்கள் டிக்டிக்கென்று மெல்ல ஒலித்தன. அவர் கையிலிருந்த கருவியும் அதே ஒலியில் சேர்ந்துகொண்டது. தொப்பூர்ப் பக்கம் போகிற கல் லாரி வரும்போதெல்லாம் வரிசை முழுவதும் முள்செடிகளோடு ஒட்டி நின்றது. பிறகு மெல்ல அசைந்தது. கரை முடிந்து கோயில் திருப்பம் வந்ததும் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். செயல் அலுவலருக்கான பதில் அங்கே இருந்தது.

பள்ளி மணி நெருங்கியும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியாக அவர் மகள் வந்தாள். செயின் கழன்றிருக்க வேண்டும், கையெல்லாம் கிரீஸ் கறை. அப்பாவைப் பார்த்ததும் ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு லாரி அவள் துப்பட்டாவைத் தூக்கி அடித்துவிட்டுப் போனது. புழுதி அடங்கியபின் அவர் அழுத்தினார். அறுபத்து மூன்று.

‘இறங்கித் தள்ளுபவர்’ என்று பேனாவால் ஒரு கோடு சேர்த்தேன். அவர்கள் எங்கே இறங்கி எங்கே ஏறினார்கள் என்று ஒரு வரைபடமும் வைத்தேன். வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் செயல் அலுவலர் கையெழுத்திட்டார். ஏரிக்கரை இரண்டாம் இடத்துக்கு வந்தது. சந்தைத் தெரு விட்டுப்போனது; அதற்காகச் சந்தைக்காரர்கள் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாதை போடும் முன்பே பணி ஆய்வாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல். மகளின் படிப்புக்காகக் குடும்பம் இங்கேயே இருந்தது. போகிற அன்று கருவியை என் மேசையில் வைத்துவிட்டு, “பாக்கி எண்ணிக்கை உங்களுதுங்க” என்றார்.

பாதை பயன்படுகிறதா என்று மதிப்பீடு கேட்டு இந்த வாரம் கடிதம் வந்தது. இன்று காலை அதே புளியமரத்தடியில் திருகைச் சுழற்றினேன். பூஜ்யம். தடுப்புக் கற்களுக்கு அப்பால் லாரிகள், இப்பால் பனி. பனிக்குள்ளிருந்து முதலாவதாக வந்தவள் அவர் மகள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. சிறுபாலத்தில் பிரேக்கைப் பிடித்தாள். ஒரு கால் தரையைத் தொட்டது. லாரிச் சாலையைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்து மிதித்துப் போய்விட்டாள்.

என் படிவத்தில் இதற்கும் கட்டமில்லை. அங்கிருந்தே அவருக்குப் போன் செய்து, கால் ஊன்றியதையும் சொல்லி, எதில் போடுவது என்று கேட்டேன். எதிர்முனையில் அந்த ஒரு நொடி.

“ஓட்டறவங்கள்லயே போடுங்க மேடம்.”

அழுத்தினேன்.