விளையாட்டுச் சாமான் கடை

ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் பன்னிரண்டு வருடம் விற்பனையாளனாக நின்றேன். மோர்னிங்சைடில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு மட்டும் அது விளையாட்டுச் சாமான் கடை. நாங்கள் விட்டுவந்த ஊரில் என் அண்ணனைச் சந்தியில் வைத்து யாரோ பிஸ்டலால் சுட்டுவிட்டுச் சைக்கிளில் போனார்கள். அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முழுப் பொய்யும் இல்லைத்தான். எங்களிடம் கைத்துப்பாக்கி வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் கிளப்பில் அட்டையைக் குறிபார்த்துச் சுடுகிறவர்கள். ஆனால் அம்மா கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவைக்க, சனம் எனக்குப் போன் எடுக்கத் தொடங்கியது. "அண்ணை, மகனுக்கு ஒரு கிரிக்கெட் பேட் வேணும். ஸ்டாஃப் டிஸ்கவுண்டிலை எடுத்துத் தாங்கோ." நான் வெக்ஸ்போர்டில் இருந்த உண்மையான விளையாட்டுச் சாமான் கடையொன்றில் முழுவிலைக்கு வாங்கி, விலைச் சீட்டைச் சுரண்டிவிட்டுக் குறைத்துக் கொடுப்பேன். பொய்க்கும் வரி கட்டியவன் நான்.

நான் சேர்ந்த புதிதில் ரிவால்வருக்குத்தான் மரியாதை. மரப்பிடியைத் தடவிப் பார்த்து, கையில் பாரம் தெரிய வேண்டும் என்பார்கள். பிறகு பிளாஸ்டிக் உடம்புப் பிஸ்டல் வந்தது. அதே ஆட்கள் பாரமே தெரியக்கூடாது என்றார்கள். அடுத்தது நிறம். சுடப்போவது அட்டையை, அதற்குக் கறுப்பா, மணல் நிறமா என்று அரைமணித்தியாலம் நின்று யோசிப்பார்கள். வெள்ளிக்கிழமை வந்த படத்தில் கதாநாயகன் எதைத் தூக்கினானோ, திங்கட்கிழமை அதுதான் வேண்டும். சேலைக் கடையில் நிற்பவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. "உங்களுக்கு இது நல்ல எடுப்பாக இருக்கிறது" என்று நானும் கூசாமல் சொல்லித்தான் விற்றேன்.

பிறகு, புதிதாகக் கைத்துப்பாக்கி விற்பதை நிறுத்தப்போவதாக இந்த நாட்டு அரசாங்கம் அறிவித்தது. தடை வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று வாசலில் வரிசை நின்றது. நிறமும் இல்லை, பாரமும் இல்லை; எது இருந்தாலும் சரி. ஆறு வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத, பச்சைப்பிடி போட்ட அவலட்சணம் ஒன்றுக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அலுமாரிகள் வெறுமையானதும் முதலாளி தூண்டில்களையும் பட்மின்டன் மட்டைகளையும் பந்துகளையும் இறக்கினார். என் பொய் தானாகவே உண்மையாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமல்ல. அடுத்த சனிக்கிழமை, விறைத்துப்போன கைக்குப் பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பந்து வேண்டும் என்று அம்மா கேட்டபோது, நானே காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா பந்துகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு கடையின் கோடிக்கு நடந்தார். அங்கே பழைய கண்ணாடிப் பெட்டி ஒன்றை முதலாளி இன்னும் அகற்றவில்லை. உள்ளே விரித்திருந்த பச்சைத் துணி விளக்கு வெளிச்சத்தில் வெளிறிப்போயிருந்தது. பிஸ்டல்கள் கிடந்த இடங்கள் மட்டும் வெளிறாமல், பிடி, விசை, குழல் என்று அச்சொட்டாக, வரிசையாகக் கரும்பச்சையில் தெரிந்தன. தினமும் அதைக் கடந்து போகிற எனக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அம்மா கண்ணாடியில் விரலை வைத்து ஒரு வடிவத்தைச் சுற்றி வரைந்தார்.

"உதுக்கை இருந்ததையும் நீயோ வித்தனி?"

"ஓம் அம்மா."

"கனபேருக்கோ?"

"ஓம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பந்தை ஒருதரம் அமத்திவிட்டுக் கேட்டார்.

"வாங்கின பிள்ளையளின்ரை தாய்மார் ஒண்டும் கேக்கேல்லையோ?"

நிறம் கேட்டவர்கள் வந்தார்கள், பாரம் கேட்டவர்கள் வந்தார்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் தாயைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் ஒருவருமில்லை. நான்தான் முதல் ஆள்.