ஏமி அளந்த பதக்கம்

“நான் அளந்தது தப்பு” என்று ஒருவர் நாலு பேர் முன்னால், யாரும் பிடிப்பதற்கு முன்பே, தானாகச் சொன்னதை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? உங்கள் ஜாதகத்தைக் கணித்தவர் சொன்னாரா? தேர்தலுக்கு முன் உங்கள் வீட்டு வாசலில் கும்பிட்டு நின்றவர் சொன்னாரா? மந்திரித்த எண்ணெயால் மூட்டுவலி போகும் என்று விற்றவர் சொன்னாரா? யோசித்துப் பாருங்கள். அதற்குள் கிள்ளானில் பிறந்த ஏமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏமியின் அப்பா இருதயம், துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். அம்மா கெர்ட்ரூட் ஒரு தனியார் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. பள்ளியில் ஐந்தாம் படிவத் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற ஏமி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்புக்கு விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டு எழுதினாள், பதிலும் வரவில்லை. தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குக் கதவை மூடிவிட்டுக் காரணம் சொல்லக்கூடத் தேவையில்லை என்று நினைக்கிற அதிகாரத்தை நாம் எத்தனை காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்! ஏமி அழுது முடித்துவிட்டுப் பள்ளியிலேயே ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். அதன் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் எழுதி, இயற்பியல் படிக்கத் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். சொந்தக்காரர்கள் மருத்துவம் கிடைக்கவில்லையா என்றுதான் விசாரித்தார்கள். இயற்பியலைத்தான் கேட்டு வாங்கினேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

மூன்றாம் ஆண்டு முடியும் சமயத்தில் கெர்ட்ரூட் ‘சக்திப் பதக்கம்’ விற்க ஆரம்பித்தார். கறுப்பாக, வட்டமாக, எரிமலைக் கல்லில் செய்தது என்று சொல்லப்பட்ட ஒரு வில்லை. கழுத்தில் போட்டால் ரத்த ஓட்டம் சீராகும், கைப்பேசிக் கதிர்வீச்சு அண்டாது, தூக்கம் நன்றாக வரும். ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் அது. கெர்ட்ரூடைச் சேர்த்துவிட்டவர் கமலநாதன். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். கிறிஸ்தவப் பெண்களை ‘சிஸ்டர்’ என்றும் மற்றவர்களை ‘அக்கா’ என்றும் அழைப்பார். ஏமிக்கு ‘டாக்டரம்மா’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்த ஏமிக்கு அந்தப் பதக்கமே தலைப்பாயிற்று. இப்படிப்பட்ட சில பதக்கங்களில் கதிரியக்கக் கனிமத்தூள் கலந்திருப்பது பல நாடுகளில் தெரியவந்திருக்கிறது. இதில் இருக்கிறதா என்று, கதிர்வீச்சை எண்ணும் கருவியான கெய்கர் எண்ணியை வைத்துப் பார்த்துவிடலாம். மேற்பார்வையாளர் டாக்டர் ரோஸ்னா ஒப்புக்கொண்டார். கெர்ட்ரூட் சந்தோஷமாக ஒரு பெட்டி நிறையப் பதக்கங்களைக் கொடுத்து அனுப்பினார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். கெய்கர் எண்ணியின் முன்னால் எதையும் வைக்காவிட்டாலும் அது துடிக்கும். வானத்திலிருந்தும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் எப்போதும் கொஞ்சம் கதிர்வீச்சு வந்துகொண்டே இருக்கிறது. அதற்குப் பின்னணி என்று பெயர். முதலில் பின்னணியை அளக்க வேண்டும். பிறகு பொருளை வைத்து அளந்து, பின்னணியைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பொருளின் கணக்கு.

ஏமி முதல் நாள் பின்னணியை அளந்தாள். பதக்கப் பெட்டியைப் பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அளந்தாள். எண்ணி அந்த இழுப்பறைக்கு நேர் மேலே இருந்தது. அதைச் சுற்றி ஈயக் கவசம் இல்லை. நல்ல கவசமுள்ள கருவி முதுகலை மாணவர்களுக்கு மட்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். மறுநாள், வாங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று கெர்ட்ரூட் அவசரப்படுத்தியதால், ஒரே ஒரு பதக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த நாட்களில் அந்த ஒன்றை வைத்து அளந்தாள்.

பின்னணியைக் கழித்தால் எதுவும் மிஞ்சவில்லை. சொல்லப்போனால், பதக்கம் இருந்தபோது எண்ணிக்கை ஒரு துளி குறைந்திருந்தது. பிழை எல்லைக்குள் அடங்குகிறது, ஆகவே வேறுபாடு இல்லை என்று எழுதினாள். அதுதான் முறை.

கமலநாதனின் முறை வேறு. “கொறையுதா? அப்பன்னா உறிஞ்சுதுன்னுதானே அர்த்தம். யூனிவர்சிட்டியே சொல்லிருச்சு, சிஸ்டர்” என்றார். அந்த வாரமே கெர்ட்ரூட் ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொன்னார். செலாயாங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பக்கத்து வீட்டுத் தாமரை ஏழு மாத கர்ப்பிணி. அவளும் ஒன்று வாங்கி, பிள்ளைக்கு நல்லது என்று, வயிற்றுமேல் படும்படி நீளமான கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டாள்.

தப்பைக் கண்டுபிடித்தது ஃபஹீமா. ஏமியின் வகுப்புத் தோழி, கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் அய்யூபின் மகள். சந்தையில் விற்கும் உரங்களில் எவ்வளவு கதிரியக்கம் என்பது அவள் ஆய்வு. ஏமியின் கருவியில்தான் அவளும் அளந்தாள். வெள்ளிக்கிழமை நடுவர்கள் முன் மேடையில் ஆய்வை விளக்குவதற்கான படவில்லைகளை, அதாவது ஸ்லைடுகளை, துறை அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகு ஒரு மத்தியானம், கேன்டீனில் மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டே ஃபஹீமா கேட்டாள்: “ஒரே மெஷின், ஒரே மேசை. உன் பேக்கிரவுண்ட் மட்டும் ஏன் என்னோடத விட ரெண்டு மடங்கு? நீ வந்தா சுவரெல்லாம் கதிர் விடுதா?”

ஏமி சிரித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். இழுப்பறை நினைவுக்கு வந்துவிட்டது.

இருவரும் ஆய்வகத்துக்கு ஓடினார்கள். காலி இழுப்பறையோடு பின்னணி எடுத்தார்கள். ஃபஹீமாவின் எண்ணிக்கைதான் வந்தது. பதக்கத்தை வைத்தார்கள். எண்ணி விடாமல் படபடத்தது. அதோடு ஏமி நிற்கவில்லை. மறுநாள் அம்மாவிடமிருந்து ஒரு பெட்டியை இரவல் வாங்கிவந்து, பழையபடி இழுப்பறையில் வைத்து, மேலே எதுவும் இல்லாமல் அளந்தாள். அவளுடைய பழைய ‘பின்னணி’ அப்படியே திரும்பி வந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பதக்கத்தின் கதிர்வீச்சைப் பதக்கங்களின் கதிர்வீச்சிலிருந்தே கழித்திருக்கிறாள்.

அதைப் போட்டவர்கள் நாளைக்கே விழுந்து சாகப்போவதில்லை. பயமுறுத்துவது பகுத்தறிவு ஆகாது. ஆனால் மாதக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடக்கிற, எந்த நன்மையும் தராத ஒரு கதிர்வீச்சு மூலத்தைக் காசு கொடுத்து வாங்கி, கருவிலிருக்கும் பிள்ளைமேல் தொங்கவிட வேண்டிய அவசியம் யாருக்கு?

டாக்டர் ரோஸ்னா நல்லவர். புதிய அளவுகளைப் பார்த்ததும் வருத்தப்பட்டார். ஒப்படைத்த படவில்லைகளை மாற்ற முடியாது, மாற்றிப் பேசினால் மதிப்பெண் போகும் என்பது விதி. மேடையில் படவில்லையில் இருப்பதைச் சொல்லிவிடு, கேள்வி நேரத்தில் கேட்டால் திருத்தத்தைச் சொல், முழு அறிக்கையில் சரியாக எழுதிவிடலாம் என்றார். முதுகலைக்கு நிதியுதவி இந்த மதிப்பெண்ணைப் பொறுத்தது என்பதையும் நினைவூட்டினார்.

வீட்டில் கெர்ட்ரூட் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதைக் கேட்டுக் குழாயை மூடினார்.

“கமலநாதன் அண்ணே வெள்ளிக்கெழம வீடியோ எடுக்க வர்றாரு. சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப போய் இல்லன்னு சொன்னா மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?”

“அம்மா, அது கதிர் விடுது.”

“விடட்டும் லா. நீ ரிப்போர்ட்ல எழுதிக்க. யாரு படிக்கப் போறா? மேடையில மட்டும் சொல்லாத.”

பல்கலைக்கழகமும் வீடும் ஒரே ஆலோசனையைத்தான் சொன்னது ஏமிக்கு உறைத்தது. உண்மையை யாரும் படிக்காத இடத்தில் எழுது, எல்லோரும் கேட்கிற இடத்தில் பொய்யை நிற்கவிடு.

முதலில் தாமரையிடம் போனாள். பதக்கத்தைக் கழற்றிவிடச் சொன்னாள்.

“நீயேதான டெஸ்ட் பண்ண?”

“ஆமாக்கா. தப்பா பண்ணிட்டேன்.”

“அப்ப வெள்ளிக்கெழம அங்க என்னா சொல்லப் போற?”

ஏமி பதக்கத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“அங்க ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணுன்னா நா எத நம்புறது, சொல்லு?” என்றாள் தாமரை. பதக்கம் அவள் வயிற்றிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை. துறையின் சொற்பொழிவு அறையில் குளிர்சாதனம் அளவுக்கு மீறி வேலை செய்தது. மாணவர்கள் அண்ணன், மாமா என்று யார் யாருடைய கோட்டுகளையோ போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வெளியே மேசையில் சாப்பிடக் கறிபாப்பும் மீகூனும் மூடிவைக்கப்பட்டிருந்தன. பெற்றோர் வரலாம் என்பது அந்தத் துறையின் பழக்கம். இரண்டாம் வரிசையில் கெர்ட்ரூட் நல்ல சேலையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டையோடு கமலநாதன், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி. “டாக்டரம்மா, கேமராவப் பார்த்துப் பேசும்மா” என்று சொல்லி நடுவர் ஒருவரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டார்.

ஏமி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பதக்கம், கருவி, அளந்த விதம். பிறகு அந்த அட்டவணை திரையில் வந்தது. பதக்கத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று அதன் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். கமலநாதன் தலையை ஆட்டினார். கைப்பேசியை இறக்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“இந்த முடிவு தவறு” என்றாள் ஏமி.

பின்னணியை அளந்தபோது பெட்டி இழுப்பறையில் இருந்ததைச் சொன்னாள். புதிய எண்களுக்குப் படவில்லை இல்லாததால் வெண்பலகையில் எழுதினாள். தலைமை நடுவர் குறுக்கிட்டு, ஒப்படைத்ததில் இது இல்லையே என்றார். இல்லை என்றாள். அப்படியானால் தவறான முடிவுக்கா நாங்கள் மதிப்பெண் போடுவது என்று கேட்டார். எதற்குப் போடுவது என்பது உங்கள் முடிவு, எது உண்மை என்பது என் பொறுப்பு என்றாள். பிறகு இரண்டாம் வரிசையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

“அம்மா, அது உறிஞ்சல. அதுலேர்ந்துதான் வருது.”

ஆங்கிலத்தில் பேசும்படி தலைமை நடுவர் சொன்னார். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது.

மதிப்பெண் குறைந்தது. ‘ஒப்படைத்ததோடு ஒத்துப்போதல்’ என்ற பிரிவில் அவளுக்குப் பூஜ்யம். அந்த ஆண்டின் முதல் பரிசு, வடிவான வண்ண வரைபடங்களோடு நேரத்துக்கு முன்பே முடித்த ஒரு பேச்சுக்குப் போயிற்று. அந்தப் பையன்மேல் குறையில்லை. ஆனால் தப்பை ஒப்புக்கொண்டால் தண்டிப்பேன், மறைத்தால் பாராட்டுவேன் என்கிற விதியை வைத்துக்கொண்டு அறிவியல் வளர்க்கிறோம் என்று சொல்வதற்கு நாக்கு கூச வேண்டாமா? நிதியுதவி கிடைக்கவில்லை. ஏமி இப்போது சுங்கை பூலோவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, முதுகலைக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள்.

அன்று கெர்ட்ரூட் மகளோடு கொமுட்டர் ரயிலில் கிள்ளான் திரும்பினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், திரும்பவும் மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். என்ன பேசினார் என்று ஏமிக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கையில் தாமரையின் பதக்கம் இருந்தது.

“அவ கழட்டிட்டா. மத்தவங்கதான்... எங்கிட்ட வாங்குன சர்ச்சு உஷாராணி என்னா சொல்லப் போறாளோ.”

உஷாராணி சொன்னது இதுதான்: வெலை ஏறிப்போச்சு, அதான் திருப்பிக் கேக்குற. கொடுக்க மறுத்துவிட்டார். சர்ச்சில் சிலர் கொடுத்தார்கள், சிலர் கெர்ட்ரூடோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். திரும்ப வந்தவற்றை ஏமி மொத்தமாக டாக்டர் ரோஸ்னாவிடம் ஒப்படைத்தாள். கதிரியக்கப் பொருட்களுக்கான அறையில் அவை இருக்கின்றன.

ஆனால் கமலநாதனின் வீடியோ அறையில் இல்லை. ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்று ஏமி வாசிக்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் ஒரு வீணை இசையையும் சேர்த்து, ‘பல்கலைக்கழகமே உறுதி செய்தது’ என்ற தலைப்போடு அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறையாவது யாராவது அதை ஏமிக்கே அனுப்பி வாழ்த்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் பதில் எழுதுகிறாள். ஒருத்தி எழுதி எத்தனை பேரை எட்ட முடியும்?

அந்த வீடியோ உங்களுக்கும் வரக்கூடும். இதுவோ, இதைப் போல் வேறொன்றோ. வந்தால் பேசாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடம், எல்லோரும் பார்க்கும்படி அந்தக் குழுவிலேயே கேளுங்கள்: “இதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்னா சொன்னுச்சு?” பதில் வரும்வரை விடாதீர்கள்.