ஹேண்டில் மேல் உட்கார்ந்த காலை

ஸ்கூபா டைவர் என்று சொன்னால் அம்பத்தூரில் பாதிப் பேர் அந்தமானைப் பற்றிக் கேட்பார்கள். "பவளப் பாறையெல்லாம் பாத்திருப்பீங்களே சார்" என்பார் எங்கள் ஃப்ளாட்டில் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி. நான் பார்த்ததெல்லாம் ஏரி மதகு. அதையும் கண்ணால் பார்த்ததில்லை. கரையோரம் இரண்டு ஆள் ஆழம் இறங்கினால், டார்ச் அடித்தாலும் டிக்காக்ஷனுக்குள் முங்கியது போலத்தான் இருக்கும். எல்லாம் கையால் தடவித்தான். இது ஷட்டர், இது சுவர் வெடிப்பு, இது யாரோ வீசிய டயர் என்று விரல்தான் சொல்லும்.

பொதுப்பணித் துறை ஆபீசில் மட்டும் வீடியோ கேட்பார்கள். காமிராவைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்குவோம். அரை மணி நேரம் பழுப்பு நிறம் ஓடும். அதைப் பெரிய ஸ்கிரீனில் போட்டு, நாலு அதிகாரிகள் தாடையில் கைவைத்துப் பார்ப்பார்கள். "இன்னும் கொஞ்சம் கிளியரா எடுத்திருக்கலாம்" என்பார் ஒருவர். "அடுத்த தடவை பாத்துக்கிறோம் சார்" என்பேன். இதைச் சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனவன் நான்.

1. என் எடை

மண்ணூர்பேட்டையில் எங்களுடையது சின்ன கம்பெனி. கப்பலின் அடிப்பாகம் பார்ப்போம், ஏரிகளில் மதகு பார்ப்போம். முழங்கால் தேய்ந்த பிறகு எனக்கு மேலே உட்கார்ந்து கயிறு பிடிக்கும் வேலை. கீழே போகிறவன் இடுப்பில் ஒரு முனை, என் கையில் மறு முனை. ஒரு இழுப்பு என்றால் நலம். நாலு இழுப்பு என்றால் உடனே மேலே வா.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. மதகு ஷட்டரை ஏற்றி இறக்க ஒரு இரும்பு ஹேண்டில் இருக்கும். ஆள் இறங்கியதும் அதைக் கழற்றிக் கீழே போட்டு, கயிறு பிடிப்பவர் அதன் மேல் உட்கார்ந்துவிட வேண்டும். பூட்டுப் போடலாமே என்பார்கள். பூட்டின் சாவி நாலு பேரிடம் இருக்கும். என் எடை என்னிடம் மட்டும்தான் இருந்தது.

2. யார் கொடி?

பூந்தமல்லி தாண்டி ஒரு ஏரி. பெயர் வேண்டாம். மழைக்கு முன்னால் ஷட்டர் முழுசாக மூடாமல் நின்றுவிட்டது. அடியில் என்னவோ மாட்டியிருந்தது. வெளிப்பக்கம் மணல் மூட்டை அடுக்கி ஓட்டத்தை நிறுத்தினோம். கை நுழையும் அளவுக்கு ஷட்டரைத் தூக்கி வைத்தோம். தேவராஜ் இறங்கினான். முழங்கை வரை அடியில் விட்டுத் துழாவுகிற வேலை. வழக்கம்போல நீலமும் வெள்ளையுமாக ஒரு கொடி ஏற்றினோம். கொடி பறந்தால் தண்ணீருக்குள் ஆள் இருக்கிறான் என்று பொருள். ஹேண்டிலைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

இக்பால் ஸ்டாண்ட்பை. கீழே இருப்பவனுக்கு ஒன்று என்றால் குதிக்க, முழு டைவிங் டிரெஸ்ஸோடு கரையில் நிற்கிறவன்.

அப்போது நாலு வெள்ளைக் கார்கள் வந்தன. அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர், பதவியில் இருப்பவர், பணியைப் பார்வையிட வந்தார். நேராக இக்பாலிடம் போய்க் கை குலுக்கினார்.

"தண்ணிக்குள்ள பயமா இருக்காதாப்பா?"

"பழகிடுச்சு சார்" என்றான் இக்பால். அன்று அவன் கால்கூட நனையவில்லை. போட்டோ எடுத்தார்கள்.

பிறகு அவருடைய ஆள் ஒருவர் என்னிடம் வந்தார்.

"நைனா, ஹேண்டிலைக் குடு. அண்ணன் ஷட்டரை மூடுறா மாதிரி ஒரு வீடியோ எடுக்கணும்."

"தர முடியாதுங்க. கொடி ஏறிகீது."

"இன்னா கொடி இது? யார் கட்சி? மொதல்ல அத்த எறக்கு."

"எறக்கக் கூடாதுங்க. ரூல்."

"அண்ணன் நின்னுகினு கீறாரு, நீ உக்காந்துகினு ரூல் பேசுற?"

எங்களோடு வந்திருந்த பொதுப்பணித் துறை ஏ.ஈ. மேடம் நல்ல பொறியாளர். "சார், ஒரு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்துக்கலாம் சார்" என்று கெஞ்சிப் பார்த்தார். "டி.வி.காரங்க போயிடுவாங்கம்மா" என்று அவரை ஓரமாக நிறுத்தினார்கள். ஒருவர் என் அக்குளில் கைவிட்டுத் தூக்கினார். நான் மதகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான் எழுந்தால் ஹேண்டில் போகும். ரெண்டு சுற்று சுற்றினால் தேவராஜின் கை போகும். அவன் மனைவிக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட். பெண்ணுக்குத் தினமும் ஜடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது அவன்தான். அந்த நேரத்தில் எனக்கு அந்த ஜடைதான் ஞாபகம் வந்தது, என்ன செய்ய. கையில் இருந்த கயிற்றை நாலு தடவை இழுத்தேன். இன்னொருவர் என் காலைப் பிடித்தார். ஒரு பக்கம் நான் எழும்பிவிட்டேன். பாதி ஹேண்டில் வெளியே தெரிந்தது.

மதகுச் சுவரை ஒட்டித் தண்ணீர் கொப்பளித்தது. ஒரு தலை வெளியே வந்தது.

"இன்னா அண்ணாத்தே, இப்பத்தான் அது கைல மாட்டிச்சு. அதுக்குள்ள கூப்ட்ற?"

என் காலைப் பிடித்தவர் மெதுவாக விட்டார். பெரிய மனிதர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆள் இருந்தானா?"

"ஆமாங்க."

"அப்ப இவன் யாரு?" என்று இக்பாலைக் காட்டினார்.

"ஸ்டாண்ட்பைங்க."

"யோவ், உள்ள ஆள் இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னய்யா?" என்றார். நியாயமான கேள்வி. கொடி, ரூல், பத்து நிமிஷம் என்று மூன்று விதமாகச் சொன்னோம். அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கொடியைப் பார்த்தால் உலகத்துக்கே தெரியும் என்பது டைவர்களின் நம்பிக்கை.

அவர் என் பக்கத்தில் வந்து சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி. தேவராஜ் மறுபடி இறங்கி வேலையை முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவர் ஆட்களும் உட்கார்ந்தார்கள். டி.வி.காரர்கள் எதைப் படம் எடுப்பது என்று தெரியாமல் ஏரியைப் படம் எடுத்தார்கள்.

3. மாட்டியிருந்தது

கடைசியில் கயிறு கட்டித் தூக்கியபோது, மாட்டியிருந்தது கறுப்பு கிரானைட் கல்வெட்டில் உடைந்த ஒரு துண்டு. 'திருக்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது' என்பது வரை இருந்தது. யார் கரங்கள் என்கிற பகுதி உடைந்து ஏரியிலேயே கிடக்கிறது. ஆட்சி மாறியபோது யாரோ பெயர்த்து வீசியிருக்க வேண்டும்.

பெரிய மனிதர் அதை முழுசாகப் படித்தார். பிறகு ஏ.ஈ. மேடத்திடம், "நம்ம கல்லு எங்கம்மா வைக்கப் போறீங்க?" என்றார்.

"கரை மேல சார். மதகுக்குப் பக்கத்துல."

"ரோட்டுப் பக்கம் வைங்க" என்றார்.

கிளம்பும்போது என்னிடம், "அந்தப் பையன் பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே காரில் ஏறினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கொடி ஏற்றுங்கள், ஹேண்டில் மேல் உட்காருங்கள், ரூலும் பேசுங்கள். ஆனால் யாராவது வந்து எழுந்திரு என்றால், முதலில் "கீழே தேவராஜ் இருக்கான்" என்று சொல்லுங்கள். டைவர் என்று சொல்லாதீர்கள், பேரைச் சொல்லுங்கள். ரூலைக் கேட்டு என் காலை யாரும் விடவில்லை.