குடத்துக்குப் பின்னால் போன நாள்

சங்கரன்கோவில் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பழுப்புக் காகிதத்தில் போட்ட ஓர் ஊர்ப் படம்தான். சுகாதார இன்ஸ்பெக்டர் தன் கையால் வரைந்தது. கிணறு இருக்கும் இடமெல்லாம் ஒரு வட்டம். மருந்து போட்டதும் அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த கையோடு காலரா வந்தது. நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். காலையில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக் கிணறு கிணறாக ஊற்றுவது என் பாடு. நாலே நாளில் எல்லா வட்டத்திலும் கோடு விழுந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

சாவு மட்டும் நிற்கவில்லை. மேலிடத்தில் இன்னும் மருந்து போடச் சொன்னார்கள், போட்டோம். கீழத்தெருவில் இன்னும் அதிகமாகச் செத்தார்கள். இன்ஸ்பெக்டர் சாப்பாட்டை மறந்து படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் விடிகாலையில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, "கிணத்தப் பாத்தது போதும்வே. இன்னைக்குக் குடத்துக்குப் பின்னால போவோம்" என்றார். போனோம். குடங்கள் எங்கள் கிணறுகளைத் தாண்டி, ஊருக்கு வெளியே துணி துவைக்கும் கலங்கல் குளத்துக்குப் போயின.

முந்தின நாள் தன் சின்னஞ்சிறு மகனைப் புதைத்த ஒருத்தியும் அங்கே குடத்தோடு நின்றாள். கிணற்றுத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்ஸ்பெக்டர் ஆதங்கப்பட்டார். அவள் என்னைக் கைகாட்டினாள்.

"மருந்து வாடையில வாயில வைக்க முடியலன்னு இவுககிட்ட அன்னைக்கே சொன்னேன்யா. 'குடிச்சா செத்தா போயிருவே?'ன்னு கேட்டாக."

கோபமே இல்லாமல் சொன்னாள். நான் அப்படிக் கேட்டது உண்மைதான். கேட்டதை அப்போதே மறந்தும் போயிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து பொழுது சாய்ந்து, எல்லாரும் தண்ணீர் எடுத்து முடித்தபின் மருந்து போட ஏற்பாடு செய்தார். விடிவதற்குள் வாடை அடங்கிவிடும். "நீரு இனி வாளியத் தொட வேண்டாம். பொம்பளைக என்ன சொல்லுதாகன்னு கேட்டு, அப்படியே எங்கிட்ட வந்து சொல்லும். அதான் உமக்கு வேலை" என்றார். அடுத்த வாரத்துக்குள் கீழத்தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்களில் உத்தியோகம் பார்த்தேன். உருப்படியாகத் தெரிந்தது அந்த வேலை ஒன்றுதான்.

கேட்கப் போன முதல் நாள் அவள் வீட்டுக்குத்தான் போனேன். கிணற்றுத் தண்ணீர் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"இப்ப வாடை இல்லய்யா. சின்னப் பிள்ளைகூடக் குடிக்கும்."