வராத சாருக்கு ஒரு தட்டு

அந்த சூப்பர்வைசரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனிதர் என்று சொல்கிறவர்கள் இருக்கலாம், நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. அந்தச் சாய்வில்தான் அவருடைய மரியாதை மொத்தமும் இருந்தது. தலையைச் சாய்த்துச் சிரித்தபடியே ஒருவரை வேண்டாத இடத்துக்கு அனுப்பி வைக்கத் தெரிந்தவர்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது அவர் வேலை பார்க்கிற பார் அண்ட் கிரில். முன்பு வெறும் பார். பிறகு சுவரை இடித்துக் கண்ணாடி வைத்து, உள்ளே ஓரமாக ஒரு கரி அடுப்பைக் கட்டி, போர்டை மாற்றிவிட்டார்கள். அந்த அடுப்பில் முழு மீனை மசாலா தடவி, இரும்பு வலைக்குள் அடைத்துச் சுடுவார்கள். இங்கே பங்குடே என்பார்கள், நம் கானாங்கெளுத்திதான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வாசனை நடைபாதையிலேயே என்னை மறித்து நிறுத்தும்.

நான் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் தனியாக இருப்பேன் என்று யாராவது நினைத்தால் அவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்த மறு நிமிடம் யாருக்காவது ரசம் வேண்டியிருக்கும். மீன் சமைக்கிற நாளில் பிள்ளைகளுக்கும், கண் சரியாகத் தெரியாத அம்மாவுக்கும் நான்தான் முள் எடுத்துக் கொடுப்பேன். அது முடிவதற்குள் என் பங்கு ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருக்கும். நாற்பத்தாறு வயதில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு முழு மீனைச் சுடச்சுட, யாருக்கும் முள் எடுக்காமல், எதிரில் யாரும் இல்லாமல் தின்று முடிக்க வேண்டும். கூட ஒரு மக் பீர். பீருக்கு முகம் சுளிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம்.

முதல் சனிக்கிழமை உள்ளே போனபோது அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசை காலியாக இருந்தது. அதன் மேல் கைப்பையை வைக்கப் போனேன். தலை சாய்ந்தது.

“மேடம், மேலே ஃபேமிலி செக்ஷன் இதே,” என்றார் கன்னடத்தில், மாடியில் இருக்கிறது என்று.

நான் தமிழில் பேசியதும் அவரும் தமிழுக்கு மாறினார். இந்த ஊரில் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

“நான் ஃபேமிலி இல்லைங்க. ஒரே ஆள்.”

“லேடீஸ் எல்லாம் மேலதான் மேடம். ஏசி இருக்கு.”

“எனக்கு ஏசி வேணாம். இங்க உக்காந்தா என்ன?”

“இங்க ஜென்ட்ஸ் டிரிங்க்ஸ் பண்ணுவாங்க மேடம். உங்களுக்கு கம்ஃபர்டபிளா இருக்காது.”

நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள், அந்தச் சாய்ந்த தலைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அங்கே என் மேலேயே வந்த கோபம்.

பெங்களூரில் பழைய பார்கள் பலவற்றிலும் இப்படி ஒரு மாடி உண்டு. கீழே ஆண்கள், மேலே குடும்பம். குடும்பம் என்றால் பெண்கள் என்று அர்த்தம். இருட்டு, கனத்த திரைச்சீலை, அதில் போன வருஷத்து மசாலா வாசனை. மூலையில் ஒரு ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நான்கு பேர் மேசை கொடுத்தார்கள். மீன் படியேறி வருவதற்குள் அதன் தோல் தொய்ந்துவிட்டது. முதல் துண்டைப் பிய்த்தபோது பக்கத்து மேசைப் பெண் ஒரு வயதுக் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

“ஒரே நிமிஷம் பாத்துக்கறீங்களா ஆன்ட்டி? கை கழுவிட்டு வந்துடறேன்.”

அவள் கை கழுவிவிட்டு, போன் பேசிவிட்டு, சாவகாசமாக வந்தாள். குழந்தை என் மீனில் கையை வைத்து அதைத் தன் வாயில் வைப்பதற்குள் நான் பாய்ந்து முள் இருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் தம்பியை அழைத்துப் போனேன். அனுமதிச் சீட்டாகத்தான். அவனுக்குத் தெரியாது, அக்காவுக்குத் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். சூப்பர்வைசர் வாசலுக்கே வந்தார்.

“வாங்க சார். எங்க உக்காரறீங்க சார்?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் அடுப்புப் பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினேன். உட்கார்ந்தோம். மெனு கார்டு அவன் கைக்குப் போனது. ஆர்டர் சொன்னது நான், சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டு தலையாட்டியது அவனைப் பார்த்து. பீர் வந்ததும் அவன் முன்னால் வைத்தார்கள். அவனுக்கு மோர் குடித்தாலே நெஞ்செரிச்சல். ஜெலுசில் மாத்திரை இல்லாமல் தெருமுனை தாண்டாதவன். மக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன், சூப்பர்வைசர் பார்க்காத மாதிரி பார்த்தார். சாப்பிட்ட நேரம் முழுவதும் தம்பி வீட்டுக்கு வாங்கப்போகிற ஃபிரிஜ்ஜைப் பற்றிப் பேசினான். பழக்க தோஷத்தில் நான் அவனுக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் தனியாகப் போனேன்.

“சார் வர்றாரா மேடம்?”

யோசிக்கவே இல்லை. “வர்றார். வண்டிய பார்க் பண்ணிட்டு வர்றார்.”

உடனே அடுப்புப் பக்கத்து மேசை கிடைத்தது. இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ், முக்கோணமாக மடித்த இரண்டு டிஷ்யூ. நான் ஒரு மீனைத் தின்று முடிக்கும் வரை சாருக்குப் பார்க்கிங் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு வாரம் சார் தொம்மலூர் சிக்னலில் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் அவருக்குப் பல்வலி. ஒரு வாரம் ஆபீஸில் மீட்டிங், சனிக்கிழமைகூட விடமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது. ஹோம்வொர்க் நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்கிற பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறவள் நான். அவர்களில் ஒருவன்கூட என் அளவுக்குக் கூசாமல் பொய் சொன்னதில்லை. சூப்பர்வைசர் வாரா வாரம் கேட்டார், நான் வாரா வாரம் சொன்னேன். அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மேடம், சார் என்று இரண்டு பேரும் வாய் நிறையப் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தோம்.

மீன் நன்றாகத்தான் இருந்தது. அடுப்பில் நிற்கிறவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர், வாய் திறக்காதவர். என்னைப் பார்த்ததும் கொழுத்த மீனாக ஒன்றை எடுத்து வலையில் வைப்பார். ஆனால் எதிரில் அந்தத் தட்டு இருந்தது. துடைத்து, பளபளவென்று, சாருக்காக. இல்லாத ஒருவன் எதிரில் உட்கார்ந்து நான் தின்பதை அனுமதித்துக்கொண்டிருந்தான். அந்தத் தட்டை எடுத்துத் தரையில் அடிக்க வேண்டும் என்று எத்தனையோ முறை கை பரபரத்திருக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை வெடித்தது. உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

“சார் வந்தப்புறம் மீன் போடச் சொல்லலாம்னு இருந்தேன் மேடம். ஆறிடும் இல்ல?”

தலை சாய்ந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. நான் எழுந்து நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் எனக்கு. அது அன்றைக்கு முழுசாக வந்தது.

“சாரும் இல்ல, மோரும் இல்ல. எந்த சாரும் வர மாட்டாரு. எட்டு மாசமா இந்த மேசையில நான் ஒருத்திதான் சாப்பிடறேன். ஒரு பொம்பளை தனியா இங்க உக்காரக் கூடாதுன்னு எங்க எழுதி வச்சிருக்கீங்க? காட்டுங்க. காட்டுங்க, படிச்சுட்டுப் போறேன்.”

பக்கத்து மேசைகளில் மக்குகள் கீழே இறங்கின. டிவியில் கிரிக்கெட் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரின் தலை முதன்முறையாக நேராக நின்றது. எதிர்த் தட்டை எடுத்தார், கிளாஸை எடுத்தார், டிஷ்யூவையும் எடுத்துக்கொண்டு போனார். அடுப்புக்காரர் கேட்காமலே மீனை வலையில் வைத்தார்.

அன்று தின்ற மீனைப்போல் நான் வாழ்க்கையில் தின்றதில்லை. தலையைக்கூட விடவில்லை.

அதற்குப் பிறகு சூப்பர்வைசர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்டால் கடைசியில் வரும். ஒரே தட்டு, அதையும் சத்தம் கேட்கிற மாதிரி வைப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. பழைய மரியாதையைவிட இந்தப் பகை நேர்மையானது. மூன்று மாதம் நான் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட், நெற்றியெல்லாம் வியர்வை. அன்று மேட்ச் நாள், கீழே ஒரு இடம்கூட இல்லை. என் எதிர் நாற்காலியைத் தவிர.

“மேல ஃபேமிலி செக்ஷன் இருக்கு மேடம்.”

“மேல வேணாம்ங்க. நான் ஒரே ஆள்தான். இங்க எங்கயாவது உக்காந்துக்கறேன்.”

என் வார்த்தைகள். அதே கடுகடுப்புகூட. சூப்பர்வைசர் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதன்முறையாக என் மேசைக்கு வந்து பேசினார்.

“மேடம், இவங்களும் தனியாத்தான் வந்திருக்காங்க. உங்க எதிர்ல உக்காரட்டுமா?”

அது பழிவாங்கலா, இல்லை என் கத்தலில் அவர் எதையாவது கற்றுக்கொண்டாரா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவள் அவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒரு மீன் மட்டும்தான் அக்கா. பேசவே மாட்டேன். சாப்பிட்டுட்டுப் போயிடுவேன்.”

பேசவே மாட்டேன் என்றாள். எது எனக்கு வேண்டும் என்று இந்த ஊரில் முதன்முதலாக ஒருத்திக்குப் புரிந்திருந்தது. என் மீன் அப்போதுதான் வந்திருந்தது, தோல் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. இன்று இவள் உட்கார்ந்தால் அடுத்த வாரம் இன்னொருத்தி வருவாள், இது லேடீஸ் மேசை ஆகிவிடும், யாராவது என் மடியில் குழந்தையை வைப்பார்கள். இப்படியெல்லாம் யோசித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் யோசிக்கவே இல்லை. இது என் மேசை. சண்டை போட்டு வாங்கியது.

“இல்லைங்க,” என்றேன். “சார் வர்றார்.”

சூப்பர்வைசர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு அவருடைய தலை மெல்ல, மிக மெல்லச் சாய்ந்தது.

“ஆமா மேடம்,” என்றார் அவளிடம். “இவங்க சார் வர்றார். நீங்க மேல போயிடுங்க.”

அவள் நாற்காலியைப் பார்த்தாள். என் முன்னால் இருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கத்தவில்லை. மேலேயும் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

அவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தார். சத்தமே வரவில்லை. கிளாஸ் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். டிஷ்யூவை முக்கோணமாக மடித்தார்.

“சார் வந்ததும் சொல்லுங்க மேடம்,” என்றார் அன்பாக.

அடுப்புக்காரர் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். மீன் சூடாக இருந்தது, எதிரில் யாரும் இல்லை, கேட்டதெல்லாம் கிடைத்திருந்தது. பாதியில் நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். வயிற்றுப் பக்கத்து நல்ல துண்டு ஒன்றை முள் நீக்கி எதிர்த் தட்டில் வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே மேசையில் இரண்டு தட்டு தயாராக இருந்தது. ஒரு தட்டை எடுத்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்தேன்.